கோட்டுக்குப் பின்னால் ஒரு கை: டோக்கியோவும் மும்பையும்

(ஐரோலியில் தமிழ்த் தோழர்கள் ஏற்பாடு செய்த திரையிடலில், இந்திய-ஜப்பானிய அனிமேஷன் படமான ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ காட்டப்பட்ட பின்னர் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



இரண்டேகால் மணி நேரப் படத்தை இப்போதுதான் பார்த்து முடித்தோம். குழந்தைகள் இடத்தைவிட்டு அசையவில்லை, பெரியவர்களும் அப்படித்தான்.

படம் தொடங்குமுன் வாசலில் ஓர் இளைஞர் என்னிடம் பேசினார். மும்பையில் ஓர் அனிமேஷன் கூடத்தில் ஒப்பந்த அடிப்படையில் வரைந்துகொண்டிருந்தவர். சில மாதங்களாக வேலை இல்லை. “நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து வரைவதைக் கணினி ஒரு நிமிடத்தில் போட்டுவிடுகிறது தோழர். இனிமேல் கைக்கு என்ன மதிப்பு?” என்று கேட்டார். ஜப்பானியக் கையோவிய அனிமேஷன் உலகத் திரைப்படக் கலைஞர்கள்மீது செலுத்திய தாக்கம் என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அந்த இளைஞருக்குச் சொல்லும் பதிலாகவே இந்த உரையை அமைத்துக்கொள்கிறேன்.

ஒரு வினாடியின் உழைப்பு

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் வினாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஐரோலிக் கழிமுகத்தில் ஆண்டுதோறும் வந்திறங்கும் பூநாரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூநாரை சேற்றிலிருந்து எழும்பிப் பறப்பதைக் கையால் காட்ட வேண்டுமானால், முதன்மை ஓவியர் இறக்கை உயர்ந்த நிலையையும் தாழ்ந்த நிலையையும் வரைவார். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளை இடைநிலை ஓவியர்கள் நிரப்புவர். பிறகு ஒவ்வோர் ஓவியத்தையும் செல் எனப்படும் ஒளிபுகும் தாளில் படியெடுத்து வண்ணம் தீட்டுவர். வண்ணம் தீட்டும் அறையில் பெரும்பாலும் பெண்களே இருந்தனர்.

நாம் இன்று பார்த்த படத்துக்குச் சுமார் 450 கலைஞர்கள் உழைத்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் ஓவியங்கள் தீட்டப்பட்டன. நாம் திரையில் கண்ட இலங்கையும் கடலும் அனுமனும் அந்த 450 பேரின் முதுகுவலியும் கண்வலியும்தான். இயக்குநரின் பெயர் சுவரொட்டியில் இருக்கிறது. மற்றவர்களின் பெயர்கள் படத்தின் முடிவில், நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓடி மறைகின்றன.

1956: இரண்டு அறைகள்

1956ஆம் ஆண்டில் ஆசியாவின் இரண்டு நகரங்களில் இரண்டு அறைகள் திறக்கப்பட்டன.

ஒன்று டோக்கியோவில். டோயே என்ற பெரிய திரைப்பட நிறுவனம் ‘டோயே டோகா’ என்ற அனிமேஷன் கூடத்தை நிறுவியது. கீழைத்தேசத்தின் டிஸ்னி ஆவதே அதன் முதலாளிகளின் கனவு. இரண்டே ஆண்டுகளில், 1958இல், ஜப்பானின் முதல் வண்ண முழுநீள அனிமேஷன் படமான ‘ஹகுஜாடென்’ வெளிவந்தது. வெள்ளைப் பாம்பைப் பற்றிய சீன நாட்டார் கதை அது. அந்தப் படத்தைப் பார்த்து நெஞ்சைப் பறிகொடுத்த உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி.

மற்றோர் அறை நம் மும்பையில். ஒன்றிய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் அதே 1956இல் தன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. டிஸ்னி கூடத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் இங்கு பயிற்சியளித்தார். முதல் பலனாக, புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவிய ‘தி பேன்யன் டீர்’ 1957இல் உருவானது. வேதியியல் படித்துவிட்டு இந்த அறைக்குள் நுழைந்த இளைஞர் ராம் மோகன். பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று அழைக்கப்பட்டவர்; இன்று பார்த்த படத்தின் இயக்குநர்களில் ஒருவர்.

ஒரே ஆண்டு. இரண்டு அறைகளுக்கும் முன்மாதிரி டிஸ்னி. இரண்டிலும் திறமைக்குக் குறைவில்லை. அப்படியிருக்க, டோக்கியோ அறையின் கோடு உலகெங்கும் பரவியது ஏன்? மும்பை அறையின் கோடு செய்திப்படங்களுக்கிடையே சிறு துண்டாக நின்றுபோனது ஏன்? ஜப்பானியரின் பொறுமை, அழகுணர்ச்சி என்று இதற்கு விளக்கம் தருவோர் உண்டு. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அந்த அறைகளுக்குள் உழைப்பு எப்படி அமைந்திருந்தது என்று பார்க்க வேண்டும்.

சங்கம் வளர்த்த கலை

டோக்கியோ அறையில் ஒரு தொழிற்சங்கம் இருந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானியத் திரைத்துறைக்குப் போராட்டம் புதிதன்று. 1948இல் டோஹோ நிறுவனத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஒடுக்க அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை டாங்கிகளையே அனுப்பியது. டிஸ்னியை முன்மாதிரியாகக் கொண்ட முதலாளிகள் மறந்துபோன வரலாறு ஒன்றும் உண்டு: டிஸ்னி கூடத்திலேயே 1941இல் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர்.

மியாசாகி 1963இல் இடைநிலை ஓவியராக டோயே டோகாவில் சேர்ந்தார். மறு ஆண்டே சங்கத்தின் செயலாளரானார். அவருக்கு மூத்தவரான இசாவோ தகாஹதா சங்கத்தின் துணைத் தலைவர். பின்னாளில் ஜிப்லி கூடத்தை உலகறியச் செய்த இருவரும் தோழர்களானது சங்கப் பணியில்தான்.

இன்னொரு செய்தி. வேலையில் சேர்ந்த புதிதில் மியாசாகிக்கு இத்தொழிலில் நீடிப்பதா என்ற ஐயம் இருந்தது. அப்போது சங்கம் நடத்திய ஒரு திரையிடலில் சோவியத் அனிமேஷன் படமான ‘பனி அரசி’யைப் பார்த்தார். லெவ் அதமானோவ் 1957இல் இயக்கிய படம். அதைப் பார்த்திராவிட்டால் இத்தொழிலில் தொடர்ந்திருப்பேனா என்பது ஐயமே என்று அவரே சொல்லியிருக்கிறார். மாஸ்கோவில் வரைந்த கோடு டோக்கியோவின் ஒரு சங்கக் கூட்டத்தில் ஓர் இளம் தொழிலாளியின் கையைப் பிடித்து நிறுத்தியது. நாமும் இன்று நாற்காலிகளை அடுக்கி, வெள்ளைத் துணி கட்டி ஒரு படத்தைப் பார்த்திருக்கிறோம். இத்தகைய கூட்டங்களைச் சிறிதாக எண்ணிவிடாதீர்கள்.

அந்தச் சங்கத் தோழமையிலிருந்து பிறந்த படம் 1968இல் வெளியான ‘ஹோரஸ்: சூரிய இளவரசன்’. தகாஹதா இயக்கினார், யாசுவோ ஓட்சுகா அனிமேஷனுக்குப் பொறுப்பேற்றார், மியாசாகி காட்சி வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்தார். படக்குழுவின் கடைநிலை ஓவியரும் கதையில் கருத்துச் சொல்லலாம், காட்சியை வரைந்து முன்வைக்கலாம் என்பது அங்கு நடைமுறையாயிற்று. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பனி அரக்கனின் தாக்குதலுக்கு உள்ளான ஒரு கிராமம் ஒன்றுபட்டு எதிர்த்து நிற்பதே கதை. நாயகனின் வாள் தனியொருவனால் உருவாவதில்லை. ஊரே சேர்ந்து மூட்டும் நெருப்பில் அது உருப்பெறுகிறது.

நிர்வாகம் வேலையை இடையில் நிறுத்தியது. செலவையும் காலத்தையும் காரணம் காட்டி நெருக்கியது. மூன்றாண்டுப் பாடுபட்டு வெளிவந்த படம் சில நாள்களிலேயே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. தகாஹதா டோயேவில் மீண்டும் படம் இயக்கவே இல்லை. 1971இல் இருவரும் அங்கிருந்து வெளியேறினர். ஆனால் குழந்தைகளுக்கான வேடிக்கை என்று கருதப்பட்ட அனிமேஷனில் ஒரு சமூகத்தின் துயரத்தையும் ஒரு பெண்ணின் மனப் போராட்டத்தையும் சொல்ல முடியும் என்று அந்தப் படம் நிறுவிவிட்டது.

உலகம் எதை எடுத்துக்கொண்டது?

அந்த வழித்தடத்தில் வந்தவைதான் ‘நௌசிகா’ (1984), ‘மின்மினிகளின் கல்லறை’ (1988), ‘இளவரசி மோனோனோகே’ (1997), ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) முதலிய படங்கள். கடைசிப் படம் 2003இல் ஆஸ்கர் விருது பெற்றது. பிக்சார் நிறுவனத்தின் கணினிக் கலைஞர்கள் மியாசாகியை ஆசானாகக் கொண்டாடினர். மமோரு ஓஷீயின் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ (1995) படத்தைத் தயாரிப்பாளரிடம் போட்டுக் காட்டித்தான் வச்சோவ்ஸ்கிகள் ‘மேட்ரிக்ஸ்’ எடுக்க ஒப்புதல் பெற்றனர். அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் கூடம் ஜிப்லியிடம் கற்றதைத் தன் மண்ணுக்குத் திருப்பியது. ஆங்கிலேயப் படையெடுப்புக் கால அயர்லாந்தை ‘வுல்ப்வாக்கர்ஸ்’ (2020) என்ற கையோவியப் படத்தில் சொன்னது.

இந்த வரிசையில் இரண்டு வகையான தாக்கத்தைக் காண்கிறோம். ஹாலிவுட் பெரும்பாலும் காட்சியை எடுத்துக்கொண்டது. அயர்லாந்துக் கலைஞர்கள் வேலைமுறையையும் எடுத்துக்கொண்டனர். சொந்த மக்களின் கதை, சொந்தக் கை, அதற்கு வேண்டிய காலம் ஆகிய மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்ட இடத்தில்தான் புதிய கலை முளைத்தது.

இப்போது மும்பைக்குத் திரும்புவோம்.

மும்பை இழந்த பள்ளி

பிலிம்ஸ் டிவிஷன் அறையின் கலைஞர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பிரமோத் பதி செக்கோஸ்லோவாக்கியாவில் பயின்று வந்தவர். ராம் மோகன் பின்னர் அந்த அறையைவிட்டு வெளியேறி, மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969), சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) படங்களில் அனிமேஷன் பகுதிகளை உருவாக்கினார். ஆனால் அரசு அந்த அறையிடம் கேட்டவை பெரும்பாலும் பிரச்சாரக் குறும்படங்கள். நூற்றுக்கணக்கான கைகள் சில ஆண்டுகள் ஒன்றாக உழைத்து, மூத்தவரிடம் இளையவர் கற்கும் முழுநீளப் படம் இங்கு வாய்க்கவில்லை.

அந்த வாய்ப்பு 1980களில் வாசல்வரை வந்தது. யூகோ சாகோ என்ற ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர், உத்தரப் பிரதேசத்தில் தொல்லியலாளர் பி.பி.லால் நடத்திய அகழாய்வு குறித்துப் படமெடுக்க வந்தார். ராமாயணம் அவரை ஈர்த்தது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பல வடிவங்களைப் படித்தார். 1983இல் ஒரு நாளிதழில் வந்த தவறான செய்தியை நம்பி, விசுவ இந்து பரிஷத் தில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. இந்தியாவின் தேசிய மரபான ராமாயணத்தை வெளிநாட்டவர் விருப்பம்போலப் படமாக்கக் கூடாது என்பது அதன் வாதம். சாகோ நேரில் விளக்கிய பிறகே அந்த எதிர்ப்பு தணிந்தது.

இரு நாடுகளின் கூட்டுத் தயாரிப்பாகப் படத்தை எடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது ஒன்றிய அரசு மறுத்துவிட்டது. அயோத்திப் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்த காலம். விஷயம் உணர்ச்சிகரமானது என்பது காரணம். ஆகவே படம் பெரும்பாலும் ஜப்பானில் தயாரானது. கோய்ச்சி சசாகியும் சாகோவும் ராம் மோகனும் இயக்கினர். வேட்டி எப்படிக் கட்டுவது, பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி பெறுவது என்பதை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். இரண்டு நாட்டு உழைப்பாளர்கள் ஒரு மேசையில் அமர்ந்து வரைந்தனர்.

அந்த நேரத்தில் இங்கு என்ன நடந்தது? 1992 டிசம்பர் 6இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பை எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்கின்படி இறந்தவர்கள் 900 பேர். தாராவியில் அந்த இரவுகளைக் கடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அதே 1993 ஜனவரியில்தான் இந்தப் படம் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ராமனின் பெயரால் தெருவில் கத்தி தூக்கப்பட்ட நாள்களில், ராமனை அன்போடு வரைந்த ஒரு படத்துக்குத் திரையரங்குகளில் பரவலாக இடம் கிடைக்கவில்லை. குழந்தைகள் பின்னர் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அதை நேசித்தனர்.

ராமாயணக் கதை குறித்து நமக்குக் கேள்விகள் உண்டு. சீதையின் தீக்குளிப்பு, சம்பூகன் கொலை, பெரியார் எழுப்பிய வினாக்கள் எவற்றையும் நாம் விட்டுவிடவில்லை. அது தனியே பேச வேண்டியது. இன்று நான் கேட்பது வேறு: அந்தக் கூட்டுத் தயாரிப்பு மும்பையில் நடந்திருந்தால்? நம் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ஜப்பானியக் கலைஞர்களோடு அமர்ந்து, இடைநிலை ஓவியராகத் தொடங்கி முதன்மை ஓவியராக வளர்ந்திருப்பார்கள். ஒரு படம் முடியும்போது ஒரு பள்ளி உருவாகியிருக்கும். மதவெறி அரசியல் பறித்தவற்றுள் உயிர்களும் வீடுகளும் முதன்மையானவை. இந்தப் பள்ளியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

முப்பதாண்டுகளுக்குப் பிறகு காட்சி மாறியது. 2022இல் பிரதமர் தம் வானொலி உரையில் யூகோ சாகோவைப் புகழ்ந்தார். 2025 ஜனவரி 24இல் படம் புதுப்பிக்கப்பட்டுத் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் திரையரங்குகளுக்கு வந்தது. வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சாகோ 2012இல் இறந்துவிட்டார். ராம் மோகன் 2019இல் மறைந்தார். கைகள் போன பிறகு படத்துக்கு மாலை விழுகிறது.

குத்தகைக்குப் போன கோடு

மும்பைக்கு வந்தது வேறொன்று. 1990களின் தாராளமயத்துக்குப் பின் மும்பை, சென்னை, ஐதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம் நகரங்களில் அனிமேஷன் கூடங்கள் பெருகின. பெரும்பாலானவை வெளிநாட்டு நிறுவனங்களின் வேலையைக் குறைந்த கூலிக்கு முடித்துக் கொடுப்பவை. கதை அங்கே, உரிமை அங்கே, லாபம் அங்கே. இரவு விழிப்பு மட்டும் இங்கே. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டுக் குழுமம் சரிந்தபோது பெங்களூருவிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர்.

இதை வைத்து ஜப்பானைச் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒசாமு தெசுகா 1963இல் தொலைக்காட்சித் தொடரை அடக்க விலைக்கும் குறைவாக விற்றதிலிருந்து அங்கும் கூலி வீழ்ந்தது. ஓவியத்துக்கு இவ்வளவு என்ற துண்டுக்கூலி முறை வேரூன்றியது. வேலை தென்கொரியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் போனது. ஜப்பானிய அனிமேஷன் கலைஞர்களின் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி ஓர் இடைநிலை ஓவியரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். டோக்கியோவில் அதை வைத்துத் தனியே குடித்தனம் நடத்த முடியாது. 2024இல் ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவொன்று இத்துறையின் குறைந்த கூலியையும் மிகை உழைப்பையும் குறித்து எச்சரித்தது. இதற்கு எதிர்த்திசையில் நடந்த சிலவற்றுள் ஜிப்லியும் ஒன்று: 1990 வாக்கில் அது துண்டுக்கூலியைக் கைவிட்டு, ஓவியர்களை நிரந்தர ஊதியத்தில் அமர்த்தி, புதியவர்களுக்குப் பயிற்சியும் தந்தது. உலகம் வியக்கும் அந்த மரங்களும் மேகங்களும் மாதச் சம்பளம் பெற்ற கைகளால் வரையப்பட்டவை.

இந்நிலையில் 2025 மார்ச்சில் வந்தது செயற்கை நுண்ணறிவு. எந்தப் புகைப்படத்தையும் ஜிப்லி பாணியில் மாற்றித் தரும் கருவியை ஓர் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. சில நாள்களில் உலகமே அந்தப் பாணியில் மூழ்கியது. ஒன்றிய அரசின் சமூக வலைதளப் பக்கமே பிரதமரின் படங்களை அந்தப் பாணியில் வெளியிட்டது. அந்தப் பாணியை அறுபது ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கைகளிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. 2016இல், இயந்திரம் தானே உருவாக்கிய ஓர் அசைவைத் தன் முன் காட்டியபோதே மியாசாகி முகம் சுளித்தார். உடற்குறை கொண்ட தம் நண்பர் ஒருவர் கையை உயர்த்தப் படும் பாட்டை நினைவுகூர்ந்து, இது உயிருக்கே இழிவு என்றார்.

தோழர்களே, கணினி நமக்குப் பகை அன்று. ஜப்பானியரும் கணினியில் வண்ணம் தீட்டுகிறார்கள். இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆட்டிப் படைப்பதே மூலதனம் என்று மார்க்ஸ் நமக்கு உணர்த்தியிருக்கிறார். லட்சக்கணக்கான கைகள் வரைந்து குவித்த ஓவியங்களை விழுங்கிவிட்டு, அந்தக் கைகளையே வேலையிலிருந்து துரத்தும் கருவி அதற்கு இன்றைய சான்று. கேள்வி கருவியைப் பற்றியது என்பதைவிட, கருவி யார் கையில் என்பதைப் பற்றியது.

இளைஞருக்கு என் பதில்

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை பிலிம்ஸ் டிவிஷனைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க முடிவு செய்தது. 1956இல் திறந்த பொது அறை இப்படி முடிந்தது. 2025இல் இதே மும்பையில் ‘வேவ்ஸ்’ என்ற மாபெரும் பொழுதுபோக்குத் தொழில் மாநாட்டைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தொடங்கிய நாள் மே 1. உழைப்பாளர் தினத்தன்று, படைப்பாளிகளின் பொருளாதாரம் என்று மேடையில் முழங்கினார்கள். படைப்பாளி என்று பட்டம் கொடுத்தால் வேலை நேரம், சேமநல நிதி, சங்கம் பற்றிக் கேட்க மாட்டான் என்பது கணக்கு.

எனவே அந்த இளைஞருக்குச் சொல்கிறேன். தம்பி, உங்கள் கைக்கு மதிப்பு இல்லாமல் போகவில்லை. மதிப்பு இல்லை என்றால் அதைத் திருட இவ்வளவு முதலீடு செய்திருக்க மாட்டார்கள். உங்கள் கையை உலகம் வியக்கச் செய்ய மூன்று வேண்டும்: கற்பதற்குக் காலம், வாழ்வதற்கு ஊதியம், சொல்வதற்கு உரிமை. டோயே டோகாவின் இளைஞர்கள் இந்த மூன்றுக்காகவும் சங்கம் அமைத்தனர். அந்தச் சங்கத்திலிருந்துதான் கலை வளர்ந்தது.

மும்பையிலும் நெருப்பு அணைந்துவிடவில்லை. ராம் மோகனின் கூடத்தில் தொழில் தொடங்கிய கீதாஞ்சலி ராவ், சுமார் 60 கலைஞர்களோடு ‘பாம்பே ரோஸ்’ என்ற முழுநீளப் படத்தைச் சட்டகம் சட்டகமாகக் கையால் தீட்டி 2019இல் வெனிஸ் விழாவுக்குக் கொண்டுபோனார். இந்நகரத்தின் தெருவில் பூ விற்பவளின் கதை அது.

அனிமேஷன், காட்சி விளைவுத் துறைகளில் வேலை செய்வோருக்கு எழுத்துமூலமான பணிநியமனம், மிகைநேர ஊதியம், சேமநல நிதி வேண்டும். ஓவியரின் ஒப்புதலும் ஊதியமும் இல்லாமல் அவரது ஓவியத்தை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்தத் தடை வேண்டும். தமிழிலும் மராத்தியிலும் குழந்தைகளுக்குப் படம் எடுக்கப் பொதுநிதி வேண்டும். இவற்றைத் தனியாளாகக் கேட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்பார்கள். மைண்ட்ஸ்பேஸ் கட்டடங்களில் இரவுப் பணி செய்வோரும், தாணே-பேலாபூர் சாலை ஆலைகளில் உழைப்போரும், திரைக்கு வரைவோரும் ஒன்றாகக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

‘ஹோரஸ்’ படத்தின் வாள் ஊர் கூடி மூட்டிய நெருப்பில்தான் உருவானது. அந்த இளைஞர் அதோ பின்வரிசையில் நிற்கிறார். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து வைத்துவிட்டு, அவரோடும் அவர் அழைத்து வந்திருக்கும் நண்பர்களோடும் உட்கார்ந்து பேசப் போகிறோம். நேரம் இருப்பவர்கள் இருங்கள்.